தொடாத லைட்

பல்கலைக்கழக வீடியோ ஸ்டுடியோ எல்லாத் துறைக்கும் பொது. ஆனால் பேராசிரியர் தணிகாசலம் உள்ளே நுழைந்துவிட்டால் அது அவர் வீட்டுக் கூடம். போதாததற்கு, மாணவி செண்பகவல்லியின் சைகைமொழிப் பாடங்களை ஊரே பார்க்கிறது, தன் சொற்பொழிவைத் தன் மாணவர்கள்கூடப் பார்ப்பதில்லை என்ற வயிற்றெரிச்சல் வேறு.

அன்று இருவரும் கலந்துகொண்ட பாட வீடியோப் போட்டிக்கு அனுப்பக் கடைசி நாள். மூன்று லைட்டையும் பின்னணித் திரையையும் சோபாவையும் அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சார், ஒரே ஒரு லைட்..."

"நான் முடிக்கிறவரைக்கும் எதையும் தொடக்கூடாது. உன் பாடத்துக்குத்தான் சத்தமே கிடையாதே, வெளிச்சம் மட்டும் எதுக்கு?"

"தொடக்கூடாது, அவ்வளவுதானே சார்?"

அவர் பேச ஆரம்பித்ததும் அவள் எதிர்மூலையில், வெறும் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். குப்பையில் கிடந்த வெள்ளைத் தெர்மக்கோல் அட்டையை எதிரே சாய்த்து வைத்தாள். சத்தமில்லாமல் தன் செல்போனில் பாடத்தைப் பதிவுசெய்து அனுப்பியும்விட்டாள்.

வீடியோவில் அவள் முகம் பளிச்சென்று இருந்ததைப் பார்த்ததும் அவர் ஸ்டுடியோ பொறுப்பாளர் ரோஸ்லினைக் கூப்பிட்டார். "மேடம், இவ என் லைட்டை எடுத்திருக்கா."

"நான் தொடவே இல்லை மேடம்," என்றாள் செண்பகவல்லி. "சார் ஒரு முகத்துக்கு மூணு லைட் போட்டார். மிச்சம் தெர்மக்கோல்ல பட்டு, அதுவா வந்து என்னைத் தொட்டுச்சு."

ரோஸ்லின் அவர் பக்கம் திரும்பினார். "மிச்சத்தைத் திருப்பி வாங்கிக்கிறீங்களா சார்?"