திரும்பி வந்த கதிர்க்கட்டு

அறுவடை நடந்த வயலில் ஓர் எலி வீடிழந்து நின்றது. அறுப்பு இயந்திரத்தின் சக்கரம் வளையை நசுக்கிவிட்டது. மிஞ்சியது கண் திறக்காத மூன்று குட்டிகள்தான்.

அன்று ஊர்த் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை. விளைச்சலின் முதல் பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவந்து, கோயில் முற்றத்துப் பந்தலில் குவித்திருந்தார்கள். வாழைத்தார், பூசணி, கரும்பு, வேர்க்கடலை, நடுவில் கொழுத்த நெற்கதிர்க்கட்டு. எலி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து அந்தக் கட்டுக்குள் ஒளித்து வைத்தது. படுக்கையும் சாப்பாடும் ஒரே இடத்தில்!

பக்கத்தில் கால் கட்டப்பட்டுக் கிடந்த காணிக்கைச் சேவல் சொன்னது: “இங்க தங்காதே எலியம்மா. ஜெபம் முடிஞ்சதும் எல்லாத்தையும் ஏலம் விட்டுருவாங்க. போன வருஷம் எங்கண்ணன் அப்படித்தான் போனான்.”

“ஆண்டவருக்குக் கொடுத்ததை யாராவது எடுப்பாங்களா? சும்மா பயங்காட்டாதே” என்றது எலி.

எலி பூசணிக்குப் பின்னால் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தபோது ஏலம் தொடங்கியது. முதலில் கதிர்க்கட்டு. “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!” ஞானசிகாமணி என்பவர் அதைத் தூக்கித் தோளில் வைத்தார். எலிக்கு உயிரே போய்விட்டது.

அவர் நாலடி நடந்து திரும்பினார். “ஏலப் பணம் தந்திடுறேன், கட்டைக் கோயிலுக்கே திருப்பித் தாரேன். மறுபடி ஏலம் விடுங்க” என்று கட்டைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

“இப்பவே பிள்ளைகளைத் தூக்கிட்டு ஓடு” என்று சேவல் கெஞ்சியது.

எலி சிரித்தது. “பார்த்தியா? எடுத்தவரே பயந்து வச்சிட்டார். இனி யார் தொடுவாங்க?”

குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டு மறுபடியும் வேர்க்கடலைக்குப் போனது.

இரண்டாம் ஏலத்தில் கட்டை எடுத்தவன் அடுத்த ஊர்க்காரன். பைக்கின் பின்னால் இறுக்கிக் கட்டினான். எலி கத்திக்கொண்டே ரோடு வரை ஓடியது. புழுதிதான் மிஞ்சியது.

அது திரும்பி வந்தபோது சேவலும் இல்லை. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கதிர்க்கட்டு இருந்த இடத்தில் நெல்மணிகள் சிந்திக் கிடந்தன. எலி அவற்றைத் தின்னவில்லை. பால் கட்டி மார்பு வலித்தது. குடிக்கத்தான் யாருமில்லை.

ஆபத்து ஒருமுறை விலகுவது நாம் தப்பி ஓடத்தான். அங்கேயே தங்குவதற்கு அல்ல.