பேராசிரியர் விழுந்த இடம்

நாலு பேரைச் சேர்த்து அனுப்பினால் ஒருவருடைய மூளையாவது வேலை செய்யும் என்று நம்பித்தான் எங்களை மங்கோலியாவுக்கு அனுப்பினார்கள். நம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் எங்களை நேரில் பார்த்ததில்லை.

எங்கள் தலைவர் பேராசிரியர் வைத்திலிங்கம். அவரிடம் ஆராய்ச்சி செய்கிற மாணவர்கள் மூன்று பேர்: இருதயசாமி, தில்லைநாயகி, இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் பூவராகனாகிய நான். அந்த நாட்டுப் புல்வெளிகளில் ஆட்டு மந்தையோடு இடம் மாறி மாறி வாழ்கிறார்களே, அவர்கள் அடுத்த கூடாரத்தை எங்கே போடுவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? இதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரே ஒரு குடும்பம் இடம் மாறும்போது கூடவே போய்ப் பார்த்தால் போதும்.

ஜீப்பில் ஏறும்போதே பேராசிரியர் சொல்லிவிட்டார்: "நாம் கால் வைக்காத ஊர் என்று ஒன்று இருக்கக் கூடாது."

நாங்கள் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள். வழியில் நாலு வீடு தெரிந்தால் ஜீப்பை நிறுத்தச் சொல்வோம். எல்லோரும் இறங்குவோம். வலது காலைத் தரையில் வைப்போம். மறுபடி ஏறிக்கொள்வோம். ஓட்டுநர் தோர்ஜ் நல்ல மனுஷன், எங்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் அவர்தான். பாவம், எங்களுக்கு ஏதோ நீர்க்கடுப்பு என்று நினைத்து ஒரு கஷாயம் வாங்கிக் கொடுத்தார். அது நன்றாக வேலை செய்தது. அதன் பிறகு ஊரே இல்லாத இடத்திலும் இறங்க வேண்டியதாயிற்று.

இப்படி இறங்கி ஏறி ஒரு மேய்ச்சல் குடும்பம் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் யார் காத்திருப்பார்கள்? கூடாரம் இருந்த வட்டம் மட்டும் புல்லில் தெரியும். இருதயசாமி அடுப்புச் சாம்பலில் கையை விட்டுப் பார்ப்பான்.

"ஐயா, இன்னும் சூடு இருக்குங்க."

"அப்படியானால் நெருங்கிவிட்டோம்" என்பார் பேராசிரியர்.

கோடைக்காலம் முழுவதும் நெருங்கிக்கொண்டே இருந்தோம்.

அலைச்சல் எங்களைப் பிய்த்தெடுத்துவிட்டது. தினம் ஓர் ஊர், தினம் ஒரு படுக்கை. ஜீப் ஓடினால் முதுகு வலிக்கும். நின்றால் தலை சுற்றும். ஒருநாள் காலை இருதயசாமி யாரோ ஒருவர் வீட்டுக் கட்டிலில் கண் விழித்து, இருக்கை பெல்ட்டைத் தேடிக் கட்டிலைச் சுற்றிலும் தடவிக்கொண்டிருந்தான். தில்லைநாயகி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, துணியை இப்போது எடுக்க வேண்டுமா, உள்ளே வைக்க வேண்டுமா என்று புரியாமல் அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். என் பெட்டி எதுவென்றே எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு முடிவு கட்ட ஆலோசனைக் கூட்டம் போட்டோம்.

"இந்தக் களைப்பு எதனால வருதுங்க ஐயா?" என்று கேட்டேன்.

பேராசிரியர் கண்ணை மூடி யோசித்தார். "சொந்த ஊரைவிட்டுத் தள்ளிப் போகப் போக வருகிறது."

"அப்ப ஊரைப் பார்த்துப் போனா வராதுங்களா?" என்றாள் தில்லைநாயகி.

"வராது. ஆனால் வேலை முன்பக்கம் இருக்கிறதே அம்மா!"

"ஜீப் முன்பக்கம் போகட்டும் ஐயா. நாம பின்பக்கம் திரும்பி உட்காருவோம். முகம் ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும்" என்றான் இருதயசாமி.

பேராசிரியர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மறுநாள் நாங்கள் இருக்கையில் மண்டி போட்டு, தோர்ஜுக்கு முதுகைக் காட்டி, பின்கண்ணாடி வழியே ஊரைப் பார்த்தபடி பயணம் செய்தோம். களைப்பு போனதா தெரியாது. காலையில் சாப்பிட்டது எல்லாம் போயிற்று.

ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு குடும்பத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெறும் சாம்பலைத் தொட்டுவிட்டு வந்தோம் என்று சொன்னால் துறையை மூடிவிடுவார்கள். பேராசிரியருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தோர்ஜ் மனமிரங்கி, எங்கேயும் நிறுத்தாமல் ஜீப்பை விரட்டி, ஒயூன் என்கிற அம்மாவின் கூடாரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் குடும்பம் மறுநாள் காலையில் கிளம்பப் போகிறதாம்! எங்களுக்கு உயிர் வந்தது. ஆடுகளுக்கு உப்பு என்றால் உயிர், அதனால் ஒரு மூட்டை உப்பு பரிசாகக் கொடுங்கள் என்றும் தோர்ஜ் சொல்லியிருந்தார். விடைபெறும்போது கொடுப்பதுதான் மரியாதை என்று பேராசிரியர் அதை இருதயசாமியின் தோளிலேயே வைத்திருந்தார்.

ஒயூன் எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே விசாரித்தார். தோர்ஜ் மொழிபெயர்த்தார்.

"நாங்கள் வருஷத்துக்குச் சில தடவைதான் இடம் மாறுவோம். நீங்கள் தினமும் மாறுகிறீர்களாமே. உங்களுக்கு மந்தை பெரிதோ?"

"எங்களிடம் ஆடே இல்லை அம்மா" என்றார் பேராசிரியர்.

"பிறகு யாருக்குப் புல் தேடி அலைகிறீர்கள்?"

பேராசிரியர் ஆராய்ச்சியின் நோக்கத்தை நிதானமாக விளக்கினார். தோர்ஜ் அதை மிகவும் சுருக்கமாகச் சொன்னார். அந்த அம்மா எழுந்து வந்து எங்கள் ஒவ்வொருவர் தலையையும் தடவிக் கொடுத்தார்.

மறுநாளுக்கான கட்டளைகளைப் பேராசிரியர் அறிவித்தார்: "அவர்களுக்கு ஓரடிகூடப் பின்தங்கக் கூடாது. ஜீப் வேண்டாம், போகிற வழி நெடுக நடந்து அடையாளம் வைத்துக்கொண்டே வர வேண்டும்."

"அவங்க குதிரையில வருவாங்க. நாம நடந்து எப்படி ஐயா பின்தங்காம இருக்கிறது?" என்று கேட்டேன்.

"முன்னாலேயே போய்ட்டா பின்தங்கவே முடியாதே!" என்றாள் தில்லைநாயகி.

"வழி தெரிய வேணாமா?"

"அவங்கதான் பின்னாடி வர்றாங்களே பூவராகன். நாம தப்பான வழியில போனா அவங்க ஏன் பின்னாடி வரப்போறாங்க?"

இதற்கு மேல் விவாதிக்க ஒன்றுமில்லை.

பொழுது விடிந்ததும் நாங்கள் முன்னால் கிளம்பினோம். அடையாளம் வைக்க எங்களிடம் உப்பு மூட்டைதான் இருந்தது. பச்சைப் புல்லில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும் என்று இருதயசாமி கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக்கொண்டே வந்தான்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், மந்தை முழுவதும் எங்கள் பின்னால்! ஆடுகள் தரையை நக்கிக்கொண்டே வந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒயூனும் அவர் பிள்ளைகளும் குதிரையில் கையை வீசிக் கத்திக்கொண்டு வந்தார்கள். தோர்ஜும் ஜீப்பிலிருந்து கத்தினார்.

"உற்சாகப்படுத்துறாங்க ஐயா" என்றேன். நாங்களும் கையை ஆட்டினோம்.

அவர்கள் வேகமாக வந்தார்கள். பின்தங்கக் கூடாதே என்று நாங்கள் ஓடினோம். நாங்கள் ஓட ஆடுகளும் ஓடின. ஒரு மேட்டில் ஏறி, ஓடையில் இறங்கி, அடுத்த மேட்டிலும் ஏறினோம். கோடை முழுக்கச் சேர்ந்த களைப்பு அத்தனையும் அங்கேதான் எங்களைப் பிடித்தது. பேராசிரியர் ஒரு சரிவில் அப்படியே சாய்ந்தார். நாங்களும் பக்கத்தில் வரிசையாக விழுந்தோம். உப்பு மூட்டை எங்கள் மேல் கொட்டியது.

ஆடுகள் வந்து எங்களை நக்கத் தொடங்கின. காது, கழுத்து, உள்ளங்கால் எதையும் விடவில்லை. எழுந்திருக்கத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னால், எழ மனசுமில்லை. இனி எங்கேயும் போக வேண்டாம் என்பதே அவ்வளவு சுகமாக இருந்தது.

ஒயூன் வந்து குதிரையிலிருந்து இறங்கினார். எங்களைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மந்தையை விரட்டிப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள். ஓர் ஆடுகூட நகரவில்லை. வெயிலும் சாய்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மூட்டைகளை அவிழ்த்து, எங்களைச் சுற்றியே கூடாரத்தை எழுப்பினார்கள்.

பேராசிரியர் கண்ணைத் திறக்காமலே தோர்ஜிடம் கேட்டார். "இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேளுங்கள்."

தோர்ஜ் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "நீங்கள் இங்கே விழுந்ததால்."

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் பேராசிரியர். அடுத்த நொடி அவருடைய குறட்டை கேட்டது.

ஊருக்கு வந்ததும் கருத்தரங்கில் எங்கள் முடிவை வாசித்தார்: மேய்ச்சல்காரர்கள், ஆராய்ச்சியாளர்கள் விழுகிற இடத்தில் கூடாரம் போடுகிறார்கள். நாங்கள் மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினோம்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "ஐயா, ஆராய்ச்சியாளர்கள் யாருமே போகாத வருஷத்தில் அவர்கள் என்ன செய்வார்கள்?"

பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னம்மா செய்வார்கள், பாவம்! போய்க்கொண்டேதான் இருப்பார்கள்."