கப்பல்காரன் விடுதியில் பந்தயம் வைத்த மீசை

எல்லா ஊரிலும் நாலு மடையர்கள் இருப்பார்கள். கூழையன்பட்டியில் அவர்கள்தான் பஞ்சாயத்து. தலைவர் புன்னைவனம், மெம்பர்கள் சடையாண்டி, கோட்டைச்சாமி, வில்லாயுதம்.

கடற்கரைப் பக்கம் கப்பல்காரன் விடுதி என்று ஒரு பழைய சூதாட்ட ஓட்டல். சுற்றிலும் நீச்சல்குளம், நடனம் என்று புது ஓட்டல்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் சீட்டுப் பிரியர்கள் இங்கேதான் வந்து விழுவார்கள். மேசை, சீட்டுக்கட்டு, கடுங்காப்பி, படுக்கக் கயிற்றுக் கட்டில். ஆட்டத்தைக் கெடுக்க வேறொன்றும் கிடையாது. "ஒண்ணுமே இல்லாத இடம்யா, அதான் அங்க விசேஷம்!" என்று யாரோ சொல்ல, நால்வரும் பஸ் ஏறிவிட்டார்கள்.

உள்ளே நுழைந்ததுமே சடையாண்டிக்கு முகம் சுண்டிப்போனது.

"ஒண்ணுமே இல்லைன்னாங்களே தலைவரே, மேசை இருக்கே?"

"காப்பி வேற இருக்கு," என்றார் கோட்டைச்சாமி. "நல்லா ஏமாத்திட்டாங்க."

"வந்தது வந்தாச்சு, பொறுத்துக்குவோம்," என்று தலைவர் உட்கார்ந்தார்.

மேலாளர் பர்னாந்து சீட்டுக்கட்டை வைத்து, "கலைங்க" என்றார்.

நால்வரும் மறுபேச்சில்லாமல் எழுந்து திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்ற கோட்டைச்சாமியைப் பிடித்து வருவதற்குள் அரைமணி ஆகிவிட்டது. "போலீஸ்காரர் அதட்டினாலே கலைஞ்சிருவோம். நீங்க மரியாதையா வேற சொன்னீங்க," என்றார் அவர்.

பர்னாந்து தானே கலைத்து, "வெட்டுங்க" என்று நீட்டினார். வில்லாயுதம் சமையல்கட்டுக்குப் போய், அரிவாள்மனையில் சீராக வெட்டிக் கொண்டுவந்தார்.

"ராஜாவை வெட்டுறது பாவமில்லையா?" சடையாண்டி பதறினார்.

"அவருக்குக் கீழேயும் ஒரு தலை இருக்குய்யா. பிழைச்சுக்குவார்."

புதுக்கட்டு வந்தது. பந்தயமாக ஒருவர் செருப்பை வைத்தார், ஒருவர் குடையை, ஒருவர் வெற்றிலைப் பையை. புன்னைவனம் எழுந்து நின்று, "நான் என் மீசையை வைக்கிறேன்!" என்றார். காதுவரை முறுக்கிய மீசை. அடுத்த மேசைகளில் ஆட்டமே நின்றுவிட்டது.

"ஆளுக்கு ஒரு சீட்டு. பெரிய சீட்டு வச்சிருக்கிறவர் ஜெயிப்பார்," என்றார் பர்னாந்து, சீக்கிரம் முடிக்க நினைத்து.

நூல் பிடித்து அளந்தார்கள். எல்லாம் ஒரே அளவு. மறுபடி அளக்கும்போது சடையாண்டியின் சீட்டு காப்பியில் விழுந்து ஊறியது. எடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு நெல் அளவு பெரிசு!

புன்னைவனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "மழிச்சு எடுத்துக்க, சடையாண்டி."

"மழிச்சா செத்துப்போயிருமே தலைவரே! அது வளர்ற இடத்துலயே வளரட்டும். ஆனா என்னுது."

முப்பது வருஷமாகச் சூதாட்டம் பார்த்த பர்னாந்து அன்று கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சடையாண்டி விடிந்ததும் எண்ணெயும் சீப்புமாகப் போய்த் தன் மீசையை முறுக்கிவிட்டு வந்தார். மச்சினன் கல்யாணத்துக்கு அதைக் கூட்டிக்கொண்டும் போனார். போட்டோ எடுக்கும்போது அவர் பக்கத்தில் வந்து நின்ற புன்னைவனம், மூக்குக்கு மேலும் வாய்க்குக் கீழும் துண்டால் இறுக்கக் கட்டிக்கொண்டார்.

"என்னங்க இது?" என்றார் போட்டோக்காரர்.

"மீசை அவருது, எடுத்துக்குங்க," என்றது துண்டு. "மூஞ்சி என்னுது. அவர் போட்டோவுல அதுக்கு என்ன வேலை?"