திருடு போன தோல்வி

மிருதுளாவுக்கு அநியாயம் நடந்தது. அவளுடைய உழைப்பை அபகரித்திருந்தால், அது எங்கும் நடப்பதுதானே என்று விட்டுவிடலாம். அவளுடைய தோல்வியை அபகரித்தார்கள். தோல்வியைக்கூடவா திருடுவார்கள் என்று கேட்பீர்கள். ஜெர்மனியில், லைப்ஸிக் நகரத்தில், அதற்கு மேடையே போட்டிருக்கிறார்கள். கேளுங்கள்.

அந்த ஊரில் ஒரு பழைய பஞ்சாலை. இப்போது அது அரங்கம். ஆண்டுக்கொரு மாலை, தொழில் தொடங்கிக் கவிழ்ந்தவர்கள் கையில் பீர்க் குவளையோடு அங்கே மேடையேறி, தாங்கள் கவிழ்ந்த கதையைச் சொல்வார்கள். கூட்டம் கைதட்டும். சிறந்த தோல்விக்கு விருதும் உண்டு. விழுந்தவனுக்கு மாலை போடுகிற நல்ல மனசுதான். ஆனால் விழுந்தது யார் என்பதைச் சரிபார்க்கத்தான் அங்கே ஆளில்லை.

ஹென்னிங் என்ற இளைஞனும் ஈரோட்டுக்காரி மிருதுளாவும் அந்த நாட்டில் ஒன்றாகப் படித்தவர்கள். சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தமாக்கும் வடிகட்டி ஒன்றை அவள் வடிவமைத்தாள். அதை வைத்து அவன் ஒரு நிறுவனம் தொடங்கினான். பேச்சில் கெட்டிக்காரன், அதை மறுப்பதற்கில்லை. பத்திரிகை அட்டையில் அவன் படம் வந்தது. ஓர்ட்டல் அம்மையார் என்ற பெரிய முதலீட்டாளர் பணம் போட முன்வந்தார். கையெழுத்துப் போடும் அதிகாரம் ஹென்னிங்குக்கு மட்டும். மிருதுளாவுக்கு அங்கே வேலை. அந்த வேலை இருக்கும்வரைதான் அவளுக்கு விசா.

விற்பனை தொடங்கவிருந்த சமயம் கடுங்குளிர். தண்ணீர் உறைந்தால் வடிகட்டி வெடித்துவிடுகிறது என்பதை அவள் கண்டுபிடித்தாள். ஹென்னிங்கிடம் ஓடினாள்.

"கோடைல பாத்துக்கலாம் மிரு. இப்ப வாயத் திறக்காத."

முதலீட்டாளர் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தாள். "இதை விற்றால் சாயம் நேரே ஆற்றுக்குத்தான் போகும்" என்றாள். வேலை போனால் விசாவும் போகும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

ஓர்ட்டல் அம்மையார் அங்கேயே விலகிக்கொண்டார். பணம் வராது என்று உறுதியான பிறகு, நிறுவனத்தை மூடுவதற்கு ஹென்னிங் கையெழுத்திட்டான். "பயந்தாங்கொள்ளி! என் நிறுவனத்தைக் கவிழ்த்தவள் அவள்தான்" என்று பத்திரிகைக்கே பேட்டி கொடுத்தான். அம்மையாரும் தன் பங்குக்கு, "அந்தப் பெண் பேசாமல் இருந்திருந்தால் நான் ஏன் விலகப்போகிறேன்?" என்று அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டவர் சும்மா இருந்தாரா? அதே மாதிரி வடிகட்டி செய்த இன்னொரு நிறுவனத்தில் போய்ப் பணத்தைப் போட்டார்.

மிருதுளா ஈரோட்டுக்குத் திரும்பினாள். "ஜெர்மனி வரைக்கும் போயி கம்பெனிய மூடிட்டு வந்த புள்ள இதுதானுங்க" என்று கல்யாண மண்டபங்களில் அறிமுகம் செய்துவைத்தார்கள். ஹென்னிங்குக்கும் கஷ்டகாலம்தான். அப்பா வீட்டு மாடியறையில் தாடி வளர்த்தான்.

அப்புறம் ஒரு பனிக்காலத்தில் அந்த இன்னொரு நிறுவனத்தின் வடிகட்டி வெடித்தது. ஆறு நீலமாக ஓடியது. மீன்கள் செத்து மிதந்தன. இதை முன்பே உணர்ந்து நிறுத்தியவர் யாருமே இல்லையா என்று நாடே கேட்டது. ஹென்னிங் தாடியை எடுத்துவிட்டு வந்து, "நான் நிறுத்தினேன்" என்றான். மனசாட்சியுள்ளவன் என்று பெயர் வந்தது. பணக்காரர்கள் தங்கள் பணத்தை அவன் கையில் கொடுத்து, நல்ல நிறுவனமாகப் பார்த்து நீயே போடு என்றார்கள். கவிழ்ந்தவன் முதலீட்டாளன் ஆகிவிட்டான். அந்த ஆண்டு பஞ்சாலை விருதும் அவனுக்குத்தான் என்றார்கள்.

அப்போது ஓர் இயந்திரக் கண்காட்சிக்காக மிருதுளா லைப்ஸிக் வந்திருந்தாள். 'என் பழைய பொறியாளர்' என்று ஹென்னிங் அவளை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தான். பக்கத்தில், அங்கே படிக்கும் அவள் சிநேகிதி செல்வராணி.

"என் நிறுவனத்தை என் கையாலேயே நிறுத்தினேன்!" என்றான் ஹென்னிங். கைதட்டல் கூரையைத் தொட்டது.

"அக்கா, உங்க வீட்டு விசேஷத்துக்கு அவன் உக்காந்து மொய் வாங்கறான்!" என்று செல்வராணி பல்லைக் கடித்தாள்.

"சத்தம் போடாத ராணி. முழுசா வாங்கட்டும்."

விருதைக் கொடுக்குமுன் யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்பது அந்த மேடையின் வழக்கம். தொகுப்பாளர் மார்லீஸ் கேட்டாள். ஓர்ட்டல் அம்மையார் எழுந்தார்.

"எனக்கு உண்டு. பணத்தை மறுத்தவள் நான். நான் மறுக்காவிட்டால் இவர் விற்றே இருப்பார். நிறுத்தியது நான்."

"மூடும் அதிகாரம் எனக்கு மட்டும்தான் இருந்தது. என் கையெழுத்து இல்லாமல் எதுவும் நின்றிருக்காது" என்றான் ஹென்னிங்.

செல்வராணி துள்ளி எழுந்து மிருதுளாவைக் காட்டினாள். "வெடிக்கும் என்று சொன்னது இவர்!"

ஹென்னிங் சிரித்தான். "சொன்னாள். யார் இல்லையென்றது? வெறும் பேச்சுக்கு ஒரு நிறுவனம் நின்றுவிடுமா? அவளிடம் அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை."

மார்லீஸ் விருதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். வெடிக்கும் என்று சொன்னவள் ஒருத்தி, பணத்தை மறுத்தவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவன் ஒருவன். மூவருக்கும் சரிபங்கு என்று சமாதானம் பேசுகிறவர்கள் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சொல்லுங்கள்: அந்த நிறுவனத்தை நிறுத்தியவர் யார்? அதற்குச் சாட்சி யார்?

விடை: நிறுத்தியவள் மிருதுளாதான். சாட்சி, எதிர்த்து நின்ற அந்த இருவரேதான். நிறுத்தியது அவமானமாக இருந்தவரை இருவர் விரலும் அவளைத்தான் காட்டின. அது பெருமையானதும் விரல்கள் அவரவர் நெஞ்சுக்குத் திரும்பிவிட்டன. ஒரே காரியத்தின் பழிக்கு ஒருத்தி, புகழுக்கு வேறு ஆளா? அதெல்லாம் தெரியாதவன்போல ஹென்னிங் பெருந்தன்மையாகக் கையை நீட்டினான். "மேல வா மிரு, விருதைப் பகிர்ந்துக்கலாம்." அவள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தே பதில் சொன்னாள்: "விருது உன்கிட்டயே இருக்கட்டும் ஹென்னிங். கம்பெனிய மூடினப்ப என்னைப் பத்திப் பத்திரிகைக்கு என்ன சொன்னியோ, அதை ஒரே ஒரு தடவை இந்த மைக்குல சொல்லு."