ஒரு பொந்து, பல வீடுகள்

மலையடிவாரக் காட்டில் செங்கொண்டை என்ற மரங்கொத்தி இருந்தது. அதுவும், வரியன் என்ற குளவியும், மஞ்சி என்ற தூக்கணாங்குருவியும் சேர்ந்து ஒரு புது வித்தையைக் கண்டுபிடித்தன. ஒரே மரப்பொந்தைத் தடுத்துப் பல வீடுகளாக்கும் வித்தை!

மஞ்சி நாரால் தட்டி பின்னும். வரியன் அதில் மண் பூசும். செங்கொண்டை ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசல் கொத்தும். உள்ளே குடியிருப்பவருக்கு மொத்தப் பொந்தும் தமக்கே என்றிருக்கும்.

வேலை செய்யும்போது மூன்றும் இலைகளால் மறைப்புக் கட்டிக்கொள்ளும். யாரும் பார்த்துவிடக் கூடாதே!

அந்த ஆண்டு சூறைக்காற்றில் பொந்து மரங்கள் பல சாய்ந்தன. பறவைகள் கூட்டமாக வந்து நின்றன.

"எங்களுக்கும் கட்டிக் கொடுங்கள்! மழை வந்தால் முட்டைகள் போய்விடும்!" என்று அழுதது ஒரு மைனா.

செங்கொண்டைக்கு மனசு கேட்கவில்லை. மூன்று பேரால் எத்தனை வீடுதான் கட்ட முடியும்?

"மறைப்பை எடுத்துவிடுவோம். எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்," என்றது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று சீறியது வரியன். "எத்தனை சுவர் இடிந்து விழுந்து கற்றோம்! சொல்லிவிட்டால் அப்புறம் நம்மை யார் தேடுவார்கள்?"

"அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, வரியா. ஆனால் அந்த மைனாவைப் பார்த்த பிறகு எப்படி மறைப்பது?"

மஞ்சி போய் மறைப்பு இலைகளை இழுத்துப் போட்டது.

பறவைகள் ஆசையாய்க் கற்றன. சுவரைத் தொட்டுப் பார்த்த இருவாச்சிப் பறவை, "இது சாரலில் கரைந்துவிடுமே! அத்திப்பழச் சதையைப் பிசைந்து சேர்த்தால் இறுகும்," என்றது.

மற்றவை அப்படியே சேர்த்துப் பூசின. வரியன் மட்டும், "என் சுவருக்கு நீ யார் குறை சொல்ல?" என்று முறுக்கிக்கொண்டது.

மழை கொட்டியது. வரியனின் சுவர் கரைந்து வழிந்தது. உள்ளே அதன் புழுக்குஞ்சுகள்!

"ஐயோ! யாராவது வாருங்கள்!"

செங்கொண்டை ஓடிவந்தது. அதற்குள் மைனாவும் கிளியும் அலகில் மண்ணோடு வந்துவிட்டன. ஒன்று தட்டியைப் பிடித்தது, ஒன்று பூசியது. சுவர் நின்றது. குஞ்சுகள் பிழைத்தன.

"இவ்வளவு நன்றாகப் பூச யாரிடம் கற்றீர்கள்?" என்று கேட்டது வரியன்.

"உங்களிடம்தான்! இருவாச்சி கொஞ்சம் சேர்த்தது," என்றது மைனா.

வரியன் தலைகுனிந்தது. செங்கொண்டை அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

கண்டறிந்த வித்தையை ஒளிக்காமல் பகிர்ந்தால், அது பலர் கையில் வளர்ந்து நம்மையும் காக்கும்.