குதிகால் தரையில படாத செம்பாயி

ஒரு ஊர்ல ஒரு குள்ள ராஜா இருந்தார் கண்ணு. அத்தை கைமேல தலையை வச்சுக்கோ. 'ம்' கொட்டணும், இல்லேன்னா நிறுத்திடுவேன்.

ம்.

அந்த ராஜாவோட குதிரை வீரங்க எல்லாம் குதிகால்ல கட்டை வச்ச செருப்பு போட்டிருந்தாங்க. இப்போ ஹீல்ஸ்னு சொல்றோமே, அதேதான். குதிரை தடதடன்னு பாயும்போது, கால் வைக்கிற வளையத்துல அந்தக் கட்டை கெட்டியா மாட்டிக்கும். வழுக்காது. வீரன் எழுந்து நின்னு விர்ருனு அம்பு விடலாம். அதைப் பாத்துட்டு ராஜா, "அட, அதைப் போட்டா உசரமா தெரியலாமே! எனக்கும் ஒரு ஜோடி கொண்டா"ன்னார். டக், டக்னு நடந்தார். அப்புறம் மந்திரிங்க போட்டாங்க. அப்புறம் ராணி கேட்டா. அப்புறம் அரண்மனைப் பொம்பளைங்க அத்தனை பேரும் போட்டாகணும்னு உத்தரவே வந்துடுச்சு.

ம்.

கொஞ்ச வருஷத்துல ராஜாவுக்குக் கால் வலி. கழட்டி வீசிட்டார். மந்திரிங்களும் கழட்டிட்டாங்க. பொம்பளைங்களை மட்டும் விடலை. "அவங்க அதுல நடந்தா பாக்க லட்சணமா இருக்கு"ன்னுட்டார் ராஜா.

அங்க செம்பாயின்னு ஒருத்தி வேலை செஞ்சா. மலைமேல இருக்கிற ஊர்லேருந்து வந்தவ. ராணி பக்கத்துல தட்டு ஏந்தி நிக்கணும். விடிஞ்சா அந்தச் செருப்பு, படுக்கும்போதுதான் கழட்டுவா. அப்படியே வருஷம் போச்சா, கெண்டைக்கால் நரம்பு சுருங்கிடுச்சு. வெறுங்கால்ல நின்னா குதிகால் தரையில படாது. விரல் நுனியிலயே தடுமாறிக்கிட்டு நிப்பா.

"வலிக்குமா அத்தை?"

வலிச்சுது கண்ணு. யார்கிட்ட போய் சொல்லுவா?

அப்போ ஒருநாள் அவ மாமா கருத்தான் மூச்சு வாங்க வந்து நின்னார். "செம்பாயி, உங்கம்மாவுக்குக் கஞ்சி கூட இறங்கல. உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கா."

"நான் வேகமா வரமுடியாது மாமா. அம்மா தனியா இருக்கும், நீங்க முன்னால போங்க. நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுங்க."

மாமா போயிட்டார். இவ கிளம்பினா.

முதல்ல சேத்து வயல். ஒரு எட்டு வச்சா, சளக்! கட்டை உள்ள போயிடுச்சு. இழுத்தா, சளக்! அடுத்த காலும் போச்சு. செருப்பைச் சேத்துலயே விட்டுட்டு வெறுங்கால்ல நடந்தா. கெண்டைக்கால் சுரீர் சுரீர்னு இழுத்துச்சு.

ம்.

அப்புறம் ஆறு. முழங்கால் தண்ணிதான். ஆனா கூழாங்கல்லு மேல விரல் நுனியில எப்படி நிக்கிறது? தொபுக்னு விழுந்தா. எழுந்தா. திரும்ப விழுந்தா. கடைசில தவழ்ந்துதான் அந்தக் கரைக்குப் போனா.

அப்புறம் பாறை. மேல ஏற ஏற விரல் கிழிஞ்சு ரத்தம். "அம்மா, வந்துட்டேம்மா, வந்துட்டேம்மா"ன்னு கத்திக்கிட்டே, கையை ஊனி ஊனி ஏறினா.

ம்?

போய்ச் சேர்ந்தப்போ வீடு கழுவி விட்டிருந்துச்சு கண்ணு. மாமா வாசல்ல உக்காந்திருந்தார்.

"அம்மா எங்க மாமா?"

"காலையிலதான் எடுத்தோம். வெயிலுக்குத் தாங்காதுன்னு சொல்லிட்டாங்கம்மா."

"நான் வர்றேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். வழியைப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் என்கிட்ட, 'அவளுக்கு அங்க என்ன வேலையோ, திட்டாதீங்க'ன்னா."

செம்பாயி அழக்கூட இல்லை. ஈரத்தரையில அப்படியே படுத்துட்டா.

"அப்புறம் அங்கயே இருந்துட்டாளா?"

இருக்கத்தான் பாத்தா. களை எடுக்கப் போனா, நிக்க முடியலை. தண்ணிக்குப் போனா, குடத்தோட விழுந்தா. அவளால வலியில்லாம நடக்க முடிஞ்சது அந்தச் செருப்புலதான். அதனால மாமா தோளைப் பிடிச்சுக்கிட்டு அரண்மனைக்கே திரும்பிப் போனா. புது ஜோடி குடுத்தாங்க. மாட்டிக்கிட்டு எழுந்து நின்னா. வலி நின்னுடுச்சு. அப்போதான் கண்ணுல தண்ணி வந்துச்சு.

அன்னிக்கு இன்னொரு மலையூர்ப் பொண்ணும் வேலைக்கு வந்திருந்தா. உன் அக்கா வயசுதான். அந்தச் செருப்பைக் கையில திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அக்கா, எவ்வளவு அழகா இருக்கு! எனக்கு மாட்டி விடுறீங்களா?"ன்னு கேட்டா.

செம்பாயி குனிஞ்சா. மாட்டி விட்டா.

...ம் சொல்லு. தூங்கிட்டியா? சரி, கதை இவ்வளவுதான். காலை நல்லா நீட்டிக்கோ கண்ணு, தூங்கு.