மாப்பிள்ளையை அழைக்க மெல்லக் கிளம்பின வேன்

கொக்குமேட்டில் யோசிக்காமல் யாரும் எதையும் செய்வதில்லை. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அந்த ஊர்ப் பிச்சமுத்து மகளுக்கு மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளை குழந்தைவேலும் உள்ளூர்ப் பிள்ளைதான், சிங்கப்பூரில் வேலை. சம்பந்தியம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: “என் மவன் ஏர்போர்ட் வாசல்ல காலை வைக்கிறப்ப கழுத்துல மாலை விழணும். விழலைன்னா தாலி ஏறாது.”

பிச்சமுத்துவுக்கு அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடிந்ததும் மாப்பிள்ளை போன். “மாமா, பிளேன்ல ஏறிட்டேன். மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம். நீங்களும் மெல்லக் கிளம்பி வாங்க.”

திருச்சி ஏர்போர்ட் கொக்குமேட்டிலிருந்து அரை மணி நேரம். மாலையும் கையுமாக வேனில் ஏறின பிச்சமுத்துவுக்குத் திக்கென்றது.

“டேய் சங்கிலி, அவர் வர நாலு மணி நேரம். நாம போக அரை மணி. எங்கேயோ இடிக்குதே?”

மைத்துனன் சங்கிலி தாடையைத் தடவினான். “அவரைக் கொஞ்சம் கிட்டத்துலேருந்து வரச் சொல்லியிருக்கலாம் மச்சான்.”

“ஏறினப்புறம் எப்படிடா சொல்றது?”

பங்காளி தங்கராசு தொண்டையைச் செருமினான். “மெல்ல வாங்கன்னுதானே அண்ணே சொன்னாரு? எஞ்சினைப் போட்டா வண்டி மெல்லவா போகும்? தள்ளிக்கிட்டே போவோம்.”

“மாப்பிள்ளை விவரமாத்தான்டா சொல்லியிருக்காரு!” என்று பிச்சமுத்து இறங்கித் தோள் கொடுத்தார்.

மேட்டில் நாக்குத் தள்ளியது. இறக்கத்தில் வண்டி தானாக ஓடப் பார்த்தது. மூன்று பேரும் வேட்டியை அவிழ்த்துப் பின்னால் கட்டி, அண்டர்வேரோடு இழுத்துப் பிடித்தார்கள்.

பாதி வழியில் எதிரே ஒரு டாக்சி நின்றது. இறங்கினது குழந்தைவேலு.

“ஏன் மாமா தள்ளறீங்க? டீசல் இல்லையா?”

“ரொம்பியிருக்கு மாப்ளே. எஞ்சினைப் போட்டா ஓடிடுமே!” என்ற பிச்சமுத்துவுக்கு அப்புறம்தான் உறைத்தது. “ஐயையோ, வாசல்ல மாலை போடலையே! என் பொண்ணு கல்யாணம் போச்சே!”

“இங்கேயே போட்டுடலாமா மச்சான்?”

“ரோட்டுலயா? சம்பந்தியம்மா வாசல்னுல்ல சொல்லியிருக்கு!”

மாப்பிள்ளையும் யோசித்தார். கொக்குமேட்டு ரத்தமாச்சே. “அழாதீங்க மாமா. திரும்பப் போய் உள்ளே நுழைஞ்சு வெளியே வந்துட்டாப் போச்சு.” டாக்சியை அனுப்பிவிட்டு அவரும் சேர்ந்து தள்ளினார்.

ஏர்போர்ட் காவலர் மறித்தார். “இது வெளியே வர்ற வாசல். டிக்கெட் இருந்தா அந்தப் பக்கம் போ.”

மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. ஓடிப்போய் டிக்கெட் வாங்கி வந்தார். “கொஞ்ச நேரம் பொறுங்க மாமா, வந்துடறேன்.”

பிளேன் ஒன்று தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போயிற்று. மூன்று பேரும் மாலையை விரித்துப் பிடித்தபடி வாசலில் நின்றார்கள். பிச்சமுத்துவுக்கு அன்றைக்குத்தான் நல்ல மூச்சு வந்தது.

பக்கத்தில் நின்றவர் கேட்டார். “யாருக்குங்க மாலை?”

“மாப்பிள்ளைக்கு. சிங்கப்பூர்லேருந்து வர்றாரு.”

“எப்ப வர்றாரு?”

“இப்பத்தாங்க போயிருக்காரு.”